மதாமின் கடிதங்களுக்கு ஒரு ரகசிய நகல்

இந்த ஊரில் மதியம் ஒரு மணிக்கு மூடினால் மூன்றரைக்குத்தான் திறப்பார்கள். வெளியூர்க்காரர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எங்கள் ஆபீசும் அப்படித்தான். ஒரு மணி அடித்ததும் எல்லாரும் சாப்பிடப் போய்விடுவார்கள். நான் போக மாட்டேன். மூலக்குளத்தில் இருக்கும் வீடு வரை வண்டி ஓட்டிப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பி வர எனக்குப் பொறுமை கிடையாது. மாடிப்படிக்குக் கீழே சர்வர் பெட்டி இருக்கிறது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பேன். சில மாதங்களுக்கு முன்னால் ஐந்து வாரம், அந்த இரண்டரை மணி நேரத்தில் நான் சாப்பாட்டோடு சேர்த்துத் திறந்து பார்த்தது இன்னொரு பெண்ணின் கடிதங்களை.

ஆபீஸ் பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டில் இருக்கிறது. பிரெஞ்சுக் காகிதங்கள் செய்து கொடுப்பது தொழில். பிறப்புச் சான்று, கல்யாணப் பதிவு, தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததற்கான தாள் என்று எதையாவது பிரெஞ்சில் மொழிபெயர்த்து, முத்திரை வைத்து, பிரான்சில் இருக்கிற அலுவலகத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தர வேண்டும். வருகிறவர்கள் பாதிப் பேர் சொல்தா குடும்பங்கள். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களை இங்கே சொல்தா என்றுதான் சொல்வோம். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இப்போது அங்கேதான் இருக்கிறார்கள்.

முதலாளியை ஊரே பாய் என்று கூப்பிடும். நானும் அப்படித்தான். அவருடைய அப்பா தொடங்கிய ஆபீஸ். மொழிபெயர்ப்பு முழுக்க மதாம். பிரெஞ்சு வழக்கத்தில் மரியாதைக்கு அப்படித்தான் கூப்பிடுவோம். ஐம்பத்தெட்டு வயது. அக்காள் தங்கைகள் எல்லாரும் பிரான்சுக்குப் போய்விட்டார்கள், இவர் போகவில்லை. முதலியார்பேட்டையில் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறார். இருபத்தேழு வருஷம் இந்த ஒரே ஆபீஸ். இந்த வேலை போனால் இந்த வயதில் இன்னொருவன் கூப்பிட்டு வேலை கொடுக்க மாட்டான் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

நான் கம்ப்யூட்டர் ஆள். பிரிண்டரில் தாள் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

என் அம்மா மீன் விற்றவள். தவளக்குப்பத்துக்குக் கிழக்கே கடலோரம் எங்கள் ஊர். ஏலத்தில் கூடை எடுக்கும்போது அம்மா மேலே இருக்கிற மீனைப் பார்க்கவே மாட்டாள். கையை அடி வரைக்கும் விட்டு, கீழே கிடப்பதை வெளியே இழுத்துச் செவுளைப் பிரித்துப் பார்ப்பாள். ஏலக்காரன் திட்டுவான். அவளும் திருப்பித் திட்டுவாள். எனக்கும் அந்தப் புத்திதான் என்று ரொம்ப நாள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் சேர்ந்தபோது ஆபீஸ் மெயில் எல்லாம் வெளியே ஒரு கம்பெனியிடம் இருந்தது. பாய்க்கு அது பிடிக்கவில்லை. குடும்பங்களின் பிறப்பும் சாவும் எங்கேயோ முகம் தெரியாதவன் பெட்டியில் கிடக்கிறது என்பார். நம்மிடமே சர்வர் வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன்.

"எவ்ளோ ஆவும்?" என்றார்.

"பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு போதும் பாய். மென்பொருள் இலவசம்."

"இலவசமா? யாரு குடுக்கறான்?"

"ஒரு ஆளுன்னு இல்ல. ஊருக்கு ஒருத்தரா பல பேர் சேர்ந்து எழுதறாங்க. எழுதினத யார் வேணாலும் எடுத்துக்கலாம். உள்ள இன்னா இருக்குன்னு பிரிச்சிப் பாக்கலாம்."

"சும்மா குடுக்கறான்னா பின்னால எதையோ எடுக்கப் போறான்."

"பிரிச்சிப் பாக்கலாம்னு சொல்றேனே பாய்."

"நீ பாத்தியா?"

எத்தனை லட்சம் வரி இருக்கும் அதில். யார் பார்ப்பார்கள்? "பாத்தேன்" என்றேன்.

அவர் விடவில்லை. "அப்ப லெட்டரெல்லாம் யாரு படிக்கலாம்?"

"அவங்கவங்க லெட்டர அவங்கவங்க."

"நீ?"

"நான் படிக்க மாட்டேன்."

"மாட்டியான்னு கேக்கல. முடியுமா?"

"முடியும்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். என்னைச் சந்தேகப்படுகிறார் என்று எனக்குக் கோபம். அவர் அதைப் பின்னால் தேவைப்படும் என்று ஞாபகத்தில் வைத்துக்கொண்டார் என்பது அப்போது தெரியவில்லை.

வைத்தேன். மெயில் சர்வர் என்பது ஒரு புரோகிராம் இல்லை. நாலைந்து சேர்ந்தது. ஒன்று வாசலில் நின்று கடிதத்தை வாங்கும். ஒன்று வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும். ஒன்று வடிகட்டி, அது கடிதத்தைப் படித்து மதிப்பெண் போடும். குப்பைக் கடிதத்துக்கு மதிப்பெண் ஏறும். ஒரு அளவுக்கு மேல் போனால் உரியவரிடம் கொடுக்காமல் தனியாக ஒரு ஃபோல்டரில் தள்ளிவிடும். இன்னொன்று நல்ல கடிதத்தை அவரவர் பெட்டியில் கொண்டுபோய் வைக்கும். கடைசியாக ஒன்று, தினமும் காலையில் எத்தனை வந்தது, எத்தனை தள்ளப்பட்டது என்று எனக்கு ஓர் அறிக்கை அனுப்பும். எல்லாம் ஒன்றை ஒன்று நம்பாத ஜாதி. ஒவ்வொன்றும் முந்தினது செய்ததை எழுதி வைத்துக்கொள்ளும். எனக்கு அதனாலேயே பிடித்தது.

ஒரு வருஷம் ஒழுங்காக ஓடியது. கடல் காற்றில் பெட்டியின் ஆணிகள் துருப்பிடித்தன, மற்றபடி குறை இல்லை.

பிறகு பாய் ஒருநாள் மதாம் மேல் சந்தேகப்பட்டார்.

அவருடைய பெரியப்பா மகன் ஒருத்தர் அதே தொழிலை நாலு தெரு தள்ளித் தொடங்கியிருந்தார். அதே சமயத்தில் எங்களுக்குப் புது ஆட்கள் வருவது குறைந்தது. பழையவர்கள் எழுதுகிறார்கள், புதிதாக ஒருவரும் எழுதுவதில்லை. பாய் மாடிப்படிக்குக் கீழே குனிந்து வந்து என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் அங்கே வந்ததே கிடையாது.

"மதாம் பென்டிரைவ் சொருவறாங்க, பாத்தியா?"

"நான்தான் யாரும் சொருவக் கூடாதுன்னு சொல்லியிருக்கேனே."

"நீ சொன்னா? வாரத்துல ரெண்டு நாள் காலையில மொத வேலையா அதான். கைப்பையில இருந்து எடுக்கறாங்க, சொருவறாங்க, திரும்பப் பையில போட்டுக்கறாங்க. நான் என் ரூம் கண்ணாடிக்கு இந்தாண்ட இருந்து பாக்கறேன்."

எனக்குச் சுருக்கென்றது. நான் போட்ட சட்டத்தை மீறியிருக்கிறார் என்பதுதான் முதல் கோபம். மற்றது எல்லாம் அப்புறம்.

"நம்ம ஆளுங்கள அங்க தள்ளி வுடறாங்களோன்னு இருக்கு" என்றார் பாய். "மதாம் எழுதறது, மதாமுக்கு வர்றது, ரெண்டும் எனக்குத் தெரியணும். முடியும்னு சொன்ன இல்ல?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். இது தப்பு என்றாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "ஒரு வரிதான் பாய்."

ஒரே வரிதான். வாசலில் நிற்கும் புரோகிராமின் குறிப்பில், மதாமின் முகவரிக்கு வருவதும் போவதும் இன்னொரு பெட்டிக்கு ஒரு நகல் என்று எழுதினேன். அவருக்குத் தெரியாது. தெரிய வழியும் இல்லை. அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கும் பொறுப்பையும் பாய் என்னிடமே கொடுத்தார். அவருக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரையைப் பார்ப்பது ஆகாது.

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. நன்றிக்கு மெர்சி, வணக்கத்துக்கு போன்ஜூர், அவ்வளவுதான். வெளியே இருக்கிற மொழிபெயர்ப்பு இணையதளத்தில் கடிதத்தைப் போடவும் எனக்கு மனசு வரவில்லை. போடுவதை அவன் எடுத்து வைத்துக்கொள்வான். கடிதத்தைத் திருடிப் படித்தவளுக்கு இந்தக் கவலை வேறு.

ஆனால் பிரெஞ்சு தெரிய வேண்டிய அவசியமே வரவில்லை. இரண்டாம் வாரமே ஒன்று கண்ணில் பட்டது. புது ஆட்களுக்கு மதாம் எழுதும் கடிதம் ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு முகவரி இருந்தது. ஆபீஸ் முகவரி இல்லை. மதாமின் சொந்த மெயில் முகவரி. பிரெஞ்சு தெரியாதவளுக்கும் முகவரி தெரியும். "இங்கே எழுதாதே, எனக்கு நேராக எழுது" என்பதற்கு வேறு என்ன அர்த்தம்?

பாயிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது, எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

"அவசரப்படாத" என்றார். "இன்னும் பாரு."

பார்த்தேன். இங்கே நாங்கள் கதவைச் சாத்தும் நேரத்தில்தான் பிரான்சில் ஆபீஸ் திறப்பார்கள். அதனால் மதியத்தில்தான் கடிதங்கள் விழும். நான் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே ஒவ்வொன்றாகத் திறப்பேன். முகவரி இருக்கிறதா? இருக்கிறது. எடுத்து வை. மூன்று, ஐந்து, எட்டு. மூன்றரை மணிக்கு மதாம் திரும்பி வந்து, குடையை மடித்து ஆணியில் மாட்டிவிட்டு, "சாப்டியாம்மா?" என்று கேட்பார். தினமும் கேட்பார். இந்தப் பாசத்துக்குப் பின்னால் என்ன வைத்திருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு "ஆச்சு மதாம்" என்பேன்.

ஐந்தாம் வாரம் வியாழக்கிழமை பாய் முடிவுக்கு வந்துவிட்டார். "நாளைக்கு நாலு மணிக்கு மதாமக் கூப்ட்டுப் பேசிடறேன். நின்னுக்கச் சொல்லிடலாம். அந்த லெட்டரெல்லாம் பிரிண்ட் எடுத்து மேசையில வை. இல்லன்னு சொல்ல முடியாத மாதிரி இருக்கணும்."

"இருபத்தேழு வருஷம் பாய்."

"அதான் எரியுது."

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு எல்லாரும் போனதும் பிரிண்ட் எடுக்க உட்கார்ந்தேன். பதினொரு கடிதம். பாய் பள்ளிவாசலுக்குப் போய்விட்டு அப்படியே வீட்டில் சாப்பிட்டு மூன்று மணிக்குத் திரும்புவார். ஒன்பதாவது கடிதம் இரண்டு பக்கமாக வந்தது. மதாம் எழுதியதற்கு ஒரு பெண் பதில் எழுதியிருக்கிறாள். அவள் பதிலுக்குக் கீழே, தான் முன்பு எழுதிய ஒரு பழைய கடிதத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறாள். அந்தப் பழைய கடிதம் மதாமின் ஆபீஸ் முகவரிக்கு எழுதப்பட்டது. தேதி மூன்று வாரத்துக்கு முந்தினது.

மூன்று வாரத்துக்கு முன்பு நகல் ஓடிக்கொண்டிருந்தது. மதாமுக்கு வந்தது எல்லாம் எனக்கும் வந்தாக வேண்டும். இந்தக் கடிதம் எனக்கு வரவில்லை.

முதலில் என்ன நினைத்தேன் என்றால், இது போலி. மதாம் சொல்லிக்கொடுத்து அந்தப் பெண் பழைய தேதி போட்டு எழுதியிருக்கிறாள். மாட்டினாய் என்று நினைத்தேன். பதினொன்றையும் எடுத்து முடித்துப் பாயின் மேசையில் அடுக்கி வைத்துவிட்டு, அதை நிரூபிக்கத்தான் சர்வரின் பதிவேட்டைத் திறந்தேன். அந்தத் தேதியில் அந்தப் பெயரில் ஒன்றும் இருக்காது, அதையும் பிரிண்ட் எடுத்து மேலே வைத்துவிடலாம் என்று.

இருந்தது. அந்த நாள், அந்த நேரம். வாசல் வாங்கியிருக்கிறது. வைரஸ் இல்லை என்று எழுதியிருக்கிறது. வடிகட்டி மதிப்பெண் போட்டு, குப்பை என்று தள்ளியிருக்கிறது. வடிகட்டி விட்டதைத்தான் வாசல் நகல் எடுக்கும். நகலுக்கு முன்னாலேயே ஆள் காலி.

ஏன் குப்பை? காரணமும் எழுதி வைத்திருந்தது. வேண்டாத மொழி.

டப்பாவை மூடி ஓரமாக வைத்தேன்.

ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் பிரெஞ்சில் குப்பைக் கடிதங்களாக வந்து கொட்டின. உங்கள் பார்சல் காத்திருக்கிறது, உங்கள் வங்கிக் கணக்கு நிற்கப்போகிறது என்று. பாய் ஒன்றை அழுத்திவிட்டார். அரை நாள் கலாட்டா. அந்தக் கோபத்தில் நான் வடிகட்டியில் ஒரு விதியைப் போட்டுவிட்டேன். எந்த மொழிக் கடிதங்கள் வரலாம் என்று அது கேட்கும். தமிழ், இங்கிலீஷ் என்று இரண்டை எழுதினேன். பிரெஞ்சு ஆபீசில் உட்கார்ந்துகொண்டு பிரெஞ்சை வேண்டாத மொழி என்று எழுதிய புத்திசாலி நான்தான்.

அப்போது எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அங்கே இருக்கிற அரசாங்க அலுவலகங்களின் முகவரி எல்லாம் நம்பலாம் என்ற பட்டியலில் இருக்கிறது. பழைய வாடிக்கைக்காரர்களும் இருக்கிறார்கள். நாம் ஒருமுறை எழுதிவிட்டால் அவரிடமிருந்து வரும் பதிலையும் தடுக்காது. மிச்சம் புது ஆட்கள். அவர்கள் நம்ம ஆட்கள்தானே, தமிழிலோ இங்கிலீஷிலோ எழுதுவார்கள் என்று நினைத்தேன். அங்கேயே பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்கு இரண்டும் எழுத வராது என்று யோசிக்கவில்லை. ஒரு வாரத்துக்கு மட்டும் என்று நினைத்துத்தான் செய்தேன். அந்த வரிக்குப் பக்கத்தில் நானே ஒரு குறிப்பும் எழுதியிருந்தேன். "தற்காலிகம்" என்று. இப்போது அது என்னைப் பார்த்தது.

ஃபோல்டரைத் திறந்தேன். பார்சல்காரன் கடிதங்கள் ஒரு பக்கம். அவற்றுக்கு நடுவே, ஸ்கேன் செய்த பழைய பிறப்புச் சான்றுகள். புள்ளி புள்ளியாக மங்கிய ராணுவத் தாள். கைக்குழந்தையோடு ஒரு போட்டோ. ஒரே ஆள் மூன்று தடவை எழுதியது. ஏழெட்டு மாதத்துப் புது ஆட்கள் மொத்தமும் அதற்குள் இருந்தார்கள். நாலு தெரு தள்ளி யாரும் போகவில்லை.

தினமும் காலையில் வரும் அறிக்கையில் இதெல்லாம் இருந்திருக்கும். அந்த அறிக்கை தொந்தரவாக இருக்கிறது என்று, அது வந்தவுடன் தானாக ஒரு மூலைக்குப் போகும்படி நானே செய்து வைத்திருந்தேன். ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது, அதுதான் மோசம். மதாம் என்னிடம் வந்து சொல்லியிருக்கிறார். இரண்டு தடவை.

"எம்மா, லெட்டர் போட்டேன்னு போன்ல சொல்றாங்க. எனக்கு வரலையே."

"சர்வர் நல்லாத்தான் இருக்கு மதாம். அவங்க முகவரிய தப்பா அடிச்சிருப்பாங்க."

"எல்லாருமா தப்பா அடிப்பாங்க?"

"எந்த முகவரியில இருந்து, எத்தன மணிக்கு, எழுதிக் குடுங்க. சும்மா வரல வரலன்னா நான் எங்கன்னு தேடறது?"

இரண்டாம் தடவை எழுதியே கொண்டுவந்தார். ஒரு துண்டுச் சீட்டு. பார்க்கிறேன் என்று வாங்கி விசைப்பலகைக்குக் கீழே சொருகினேன். இப்போது தூக்கிப் பார்த்தேன். அங்கேயேதான் இருந்தது.

அம்மா அடி வரைக்கும் கையை விடுவாள். நான் மேலே கிடந்த பதினொரு மீனைப் பார்த்து ஒரு மனுஷியின் சோற்றில் மண் போட இருந்தேன்.

மூன்று மணிக்குப் பாய் வந்தார். படி ஏறும் முன்பே பிடித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"மதாமுக்காகப் பேசற."

"எனக்கு இன்னா மதாம் மேல அவ்ளோ?"

"பொம்பளைக்குப் பொம்பள. கடைசி நேரத்துல மனசு எளகிடுச்சி."

"வாங்க, காட்றேன்."

ஸ்டூலில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். பிரெஞ்சு அவருக்கு வாசிக்க வரும், ஆனால் அதுவரை நான் சொன்னதை நம்பினாரே தவிர ஒரு கடிதத்தையும் வாசித்ததில்லை. மூன்றாவது கடிதத்திலேயே சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பத்துப் பன்னிரண்டு பார்த்தார்.

"இவ்ளோ நாளு இதெல்லாம் எங்க இருந்துச்சு?"

"என் கிட்ட."

"அப்ப பென்டிரைவ்?"

"எடுத்துட்டுப் போவல. இங்க வரலன்னு போன்ல சொன்னவங்களுக்குத் தன் முகவரியக் குடுத்து, வீட்ல அவங்க பெட்டியில வாங்கி இங்க கொண்டாந்திருக்காங்க. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாத்திப் பாத்துட்டோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். பிறகு, "சரி. வேலைய வுட்டு நிறுத்தல. ஒண்ணும் நடக்கல. வடிகட்டி கெட்டுப் போச்சுன்னு மட்டும் மதாம்கிட்ட சொல்லு. நகல் விஷயம் வேணாம்" என்றார்.

எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. சரி என்று தலையாட்டினேன். ஆனால் இருவருக்கும் ஒன்று மறந்துவிட்டது. பிரிண்ட் எடுத்த பதினொரு கடிதத்தையும் அவர் சொன்னபடியே முன்கூட்டியே அவர் மேசையில் அடுக்கி வைத்திருந்தேன். மூன்றரைக்கு வந்த மதாம், நாலு மணிக்குக் கூப்பிட்டிருக்கிறார்களே என்று முன்னாலேயே பாயின் அறைக்குப் போய் உட்கார்ந்திருந்தார். நாங்கள் உள்ளே போனபோது ஐந்தாவது தாள் அவர் கையில் இருந்தது.

"இது நான் எழுதினது" என்றார்.

பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நான் யாருக்கும் பிரிண்ட் குடுக்கலையே. எப்படி இங்க வந்துச்சு?"

பாய் இருமினார். "அது வந்து மதாம், கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறு..."

"கோளாறு பதினோரு லெட்டர எண்ணி அடுக்குமா?"

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. "நான்தான் மதாம். அஞ்சு வாரமா உங்க லெட்டர் எல்லாத்துக்கும் நகல் எடுத்தேன். பாய் கேட்டாரு, நான் செஞ்சேன். நீங்க ஆளுங்கள வெளிய தள்றீங்கன்னு நெனச்சோம். இன்னிக்கு உங்கள நிறுத்தறதா இருந்துச்சு. தப்பு என் வடிகட்டியில. நீங்க வந்து சொன்னீங்க, நான் கேக்கல."

கத்துவார் என்று நினைத்தேன். மதாம் தாள்களை ஒன்றாகத் தட்டி நேர் செய்தார். கைப்பையைத் திறந்து பென்டிரைவை எடுத்து மேசையில் அவற்றின் மேல் வைத்தார்.

"எட்டுப் பேரோட காயிதம் இதுல இருக்கு. ஆபீஸ் பேரு கெட்டுடக் கூடாதுன்னு வீட்ல ராத்திரி முழிச்சி டவுன்லோட் பண்ணேன்" என்று பாயிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மத்மசேல், எங்க அக்காவுக்கு எழுதினதையும் படிச்சீங்களா?"

கல்யாணமாகாத பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி மத்மசேல் என்று அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை. எனக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளை இருப்பது அவருக்குத் தெரியும்.

"தெறந்தேன். எனக்குப் பிரெஞ்சு தெரியாது மதாம்."

"அது உங்க கொறை. அதுல எனக்கு இன்னா ஆறுதல்?"

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை. பாய் போன் செய்தார், எடுக்கவில்லை. அனுப்ப வேண்டாம் என்று ஆன பிறகு ஆளை நாங்களே விரட்டிவிட்டோம் என்று பாய் என் காதில் விழும்படி யாரிடமோ சொன்னார். ஃபோல்டரில் கிடந்த புது ஆட்களின் கடிதங்களுக்குப் பதில் எழுத எங்களிடம் ஆள் இல்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிடாமல் முதலியார்பேட்டைக்குப் போனேன். கிரில் கதவுக்கு உள்ளே நின்று பேசினார். பூட்டைத் திறக்கவில்லை.

"பாய் அனுப்பிச்சாரா?"

"இல்ல. நானாத்தான் வந்தேன்."

"இன்னிக்கு ரெக்கார்ட் பண்றியா?" என் கையில் இருந்த போனைக் காட்டினார்.

போனை வண்டிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு வந்தேன்.

"வேலைக்கு வாங்க மதாம். நீங்க வரலன்னா நான் செஞ்சது செஞ்சதாவே நின்னுடும்."

"உன் மனசு ஆறணும்னா நான் வரணும்? நல்லாருக்கே."

"அப்படியே வச்சிக்கோங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வேற எங்க போவப் போறேன், சொல்லு. வாடகைய யாரு குடுப்பாங்க? வருவேன். அந்த வரிய என் கண்ணு முன்னால அழிக்கணும்."

புதன்கிழமை வந்தார். மாடிப்படிக்குக் கீழே குனிந்து வந்து, பாய் உட்கார்ந்த அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் குறிப்பைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். அதில் அவருடைய முகவரி இருப்பதை விரலால் தொட்டுப் படித்தார். அழித்தேன். சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். நகல் பெட்டியையும் அழித்தேன். மொழி வரிசையில் பிரெஞ்சைச் சேர்த்தேன்.

"அவ்ளோதான்" என்றேன்.

"நான் எழுந்து போனதும் நீ மறுபடி எழுதினா?"

"எழுத மாட்டேன்."

"எழுத முடியுமா?"

"முடியும்."

"இதுக்கு எதுனா ரசீது, சான்று?"

"இல்ல மதாம்."

ஊர் முழுக்க இருக்கிறவர்களுக்குச் சான்று வாங்கிக் கொடுத்தே வாழ்ந்தவர். தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனார்.

அன்று மதியம் முதல் மதாம் அனுப்பும் கடிதம் ஒவ்வொன்றும் எனக்கும் வருகிறது. அவரே அனுப்புகிறார். யாருக்கு எழுதினாலும் நகல் என்ற இடத்தில் என் முகவரியை எல்லாரும் பார்க்கும்படி போடுகிறார். அரசாங்க அலுவலகத்துக்கு எழுதினாலும் போடுகிறார், அக்காவுக்கு எழுதினாலும் போடுகிறார். ஏன் என்று கேட்டேன். "நீ கஷ்டப்பட்டு எடுக்கறதுக்கு, நானே குடுத்துடறேன்" என்றார். பாய் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை.

தடுக்க எனக்கு ஒரு விதி எழுதினால் போதும். எழுதவில்லை. தினமும் பத்து, பதினைந்து வந்து விழுகிறது. நான் எதையும் திறப்பதில்லை. படிக்காத கடிதம் தடித்த எழுத்தில் நிற்கும். என் பெட்டி முழுக்கத் தடித்த எழுத்தாக இருக்கிறது.

போன வாரம் பிரிண்டரில் தாள் சிக்கி என்னைக் கூப்பிட வந்தவர், என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். மேலிருந்து கீழ் வரைக்கும் அவருடைய பெயர்தான், எல்லாம் தடித்த எழுத்தில்.

"ஒண்ணு கூடப் படிக்கலையா?"

"இல்ல மதாம்."

குனிந்து திரையைக் கிட்டப் பார்த்தார்.

"படிச்சிட்டு, படிக்காத மாதிரி மறுபடியும் மாத்தி வைக்க முடியும்தானே?"

"முடியும்" என்றேன்.

"ம்" என்றார். "வா, வந்து தாள எடு."